மூன்றாம் ஓலை

ஃபாதர் இன்னாசிமுத்து அந்தப் பெயருக்கு முன்னால் சற்று நின்றார். அதுவரை சவரியம்மாள், லூர்துசாமி, பெரியநாயகம் என்று தடையில்லாமல் போய்க்கொண்டிருந்த குரல். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார், தாளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார், பிறகு முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் பிசகில்லாமல் மைக்கில் படித்துவிட்டு அடுத்து இருந்த மதலேனம்மாளுக்குப் போய்விட்டார். அந்தப் பெயரைக் கொடுத்தவன் நான், ஆண்கள் பக்கம் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஜெபத்துக்குப் பதில் சொல்லும்போது அவருடைய வாய் ஒரு வார்த்தை பின்தங்கியது.

நவம்பர் எங்களுக்கு ஆத்துமாக்களின் மாதம். வீட்டில் இறந்துபோனவர்களின் பெயரைக் கோயிலில் கொடுத்துவைத்தால், ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்கும்போது ஃபாதர் அதைப் படித்து, இவர்கள் ஆன்மா இளைப்பாற ஒப்புக்கொடுப்போம் என்பார். வில்லியனூருக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. எல்லாருக்கும் எல்லார் வீட்டுச் செத்தவர்களையும் தெரியும். புதுப் பெயர் ஒன்று காதில் விழுந்தால், புது மருமகள் வந்த மாதிரி, எந்த வீடு, எந்த வழி என்று கேட்காமல் விடமாட்டார்கள். இதெல்லாம் தெரிந்தும்தான் கொடுத்தேன். என் புத்தி அப்படி.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களும் ஃபோனை எடுத்துத் தேடுவீர்கள். ஏற்கெனவே தேடியவர்களால் வந்ததே போதும். விக்டோரியா ராணி காலத்து எழுத்தாளர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடகம் எழுதினார், குழந்தைகளுக்குக் கதை எழுதினார். அவர் வாயைத் திறந்தால் சிரிப்பதற்கென்றே லண்டனில் ஒரு கூட்டம் காத்திருந்தது. ஆண்களோடு பழகினார் என்று வழக்கு வந்தது. இரண்டு வருடம் கடுங்காவல். நாடகக் கொட்டகைக்காரர்கள் விளம்பரத்தில் அவர் பெயரை மட்டும் மறைத்து ஒட்டிவிட்டு நாடகத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். வெளியே வந்தபின் வேறொரு பெயரை வைத்துக்கொண்டு பிரான்ஸ் பக்கம் திரிந்தார். ஒரு நவம்பர் கடைசியில், பாரீஸில் ஓர் ஓட்டல் அறையில் உயிர் போயிற்று. அதற்கு முன்னால் ஒரு நண்பர் ஓடிப்போய்ச் சாமியாரைக் கூட்டிவந்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பக்தியாலும் இல்லை, படிப்பாலும் இல்லை, பிழைப்பால். டவுனில் ஒரு டைப்செட்டிங் கம்பெனியில் வேலை செய்கிறேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவரும் கனமான புத்தகங்களின் பக்கங்களை இந்தப் பக்கத்துப் பையன்களும் பெண்களும்தான் உட்கார்ந்து கட்டிக்கொடுக்கிறோம். மேற்கோள் குறி மூடியிருக்கிறதா, அடிக்குறிப்பு எண் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. படிக்கக் கூடாது என்பதுதான் அங்கே சொல்லித்தரும் முதல் பாடம். படித்தால் வேகம் போய்விடும். எத்தனையோ புத்தகங்களைப் படிக்காமல் பார்த்து அனுப்பிய நான், இவருடைய வாழ்க்கை வரலாறு வந்தபோது வசமாக மாட்டிக்கொண்டேன். ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்குக் கொண்டுபோகும் வழியில், நவம்பர் மழையில், கைதி உடுப்பும் கைவிலங்குமாக அவரை ரயில் மேடையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஆள் யார் என்று தெரிந்ததும் கூட்டம் கூடிச் சிரிக்கிறது. அந்தப் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு எண் விட்டுப்போயிருந்ததை நான் பார்க்கவே இல்லை. டீம் லீடர் கலைவேந்தன் பின்னால் வந்து நின்று, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குகிறாயா என்று கேட்டான். நான் தூங்கவில்லை. மூக்கு அடைத்திருந்தது.

நானும் அந்த வகைதான். இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. அவரை உள்ளே தள்ளிய சட்டத்துக்கு அண்ணன் மாதிரி ஒன்று நம் நாட்டிலும் இருந்தது. எங்கள் பகுதி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தவரை எங்களுக்கு அது கிடையாது, நம் நாட்டோடு இணைந்த மெர்ஜருக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது என்று எங்கேயோ படித்துச் சிரித்திருக்கிறேன். இப்போது கோர்ட்டும் அதை எடுத்துவிட்டது. எடுத்துவிட்டார்கள் என்று மரியசுந்தரத்திடம் போய் யார் சொல்வது? மரியசுந்தரம் என் அப்பா. அவருக்கு முன்னால் நான் சட்டைக் கையை மடித்து விடுவதற்கே யோசிப்பவன். அந்தப் புத்தகம் அச்சுக்குப் போன அன்று மனசு கேட்கவில்லை. அந்த மனிதர்மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டிருந்தது. எங்கள் வீட்டில் பாசத்தைக் காட்டத் தெரிந்த ஒரே வழி, செத்த பிறகு பூசை கொடுப்பது. கொடுத்தேன்.

கொடுத்த நேரம்தான் சரியில்லை. அதே ஞாயிற்றுக்கிழமைதான் என்னுடைய முதல் ஓலை.

எங்கள் ஆட்களில் ஒருவருக்குக் கல்யாணம் என்றால் முன்னதாக மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகன் இன்னாருக்கும் இன்னாருடைய மகள் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பூசை முடிவில் படிப்பார்கள். மாப்பிள்ளையின் கோயிலிலும் படிப்பார்கள், பெண்ணின் கோயிலிலும் படிப்பார்கள். மூன்றாம் ஓலை வாசித்துவிட்டால் பிறகு கல்யாணம்தான், யாரும் வாய் திறக்கக் கூடாது. எனக்குப் பேசியிருந்த பெண் கிறிஸ்டினா, பாகூர்ப் பக்கம், ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் மாதக் கடைசிக்குள் நாள் குறித்திருந்தார்கள். முதல் ஓலையில் என் பெயரைக் கேட்டபோது அம்மா அன்னாமேரி பெண்கள் பக்கத்திலிருந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் என்றார் ஃபாதர். அறிந்தவன் ஒருவன் அங்கே இருந்தான். ஓலையிலேயே அவன் பெயர் இருந்தது.

கோயில் வாசலில், ஃபாதருக்குக் கோயில் வேலைகளில் உதவும் உபதேசியார் டேவிட் ராஜ் குடையை விரித்தபடியே அப்பாவைப் பிடித்துக்கொண்டார். பெயரை நான் கொடுத்தது அவரிடம்தான். எழுத்துக் கூட்டி வாங்கும்போதே அவருக்குள் ஏதோ ஓடியிருக்கிறது. அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போனவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. அப்படி ஒருவர் சொந்தம் என்று காட்டினால் பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பர் கிடைக்கும் என்பது ஊரின் கனவு. அப்பாவின் சித்தப்பா ஒருவர் அப்படிப் போய்த் திரும்பவே இல்லை. அங்கே ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டார் என்று பேச்சு மட்டும் வந்தது. அந்த வழியில் பிறந்த யாரையோ நான் கம்ப்யூட்டரில் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன், அந்த ஆள் செத்துப்போய்விட்டார், அதனால்தான் பூசை என்று உபதேசியார் முடிவுகட்டிவிட்டார். எங்கள் ஊரில் ஒருவனுக்கு வெள்ளைக்காரப் பெயரில் ஒரு செத்தவன் இருந்தால் வேறு என்ன அர்த்தம்?

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா கேட்டார்.

"யாருடா அது, நீ பூசை குடுத்தது?"

கம்பெனி நண்பனுடைய அப்பா என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எனக்குப் பயத்தில் பொய் வராது, அரைகுறையாக உண்மைதான் வரும். எழுதுகிற ஆள் என்றேன். எங்கே செத்தார் என்றார். பாரீஸில் என்றேன். அப்பாவின் நடை தளர்ந்தது. குடும்பம் இருந்ததா என்று கேட்டார். மனைவி, இரண்டு பையன்கள் என்றேன். அவர்கள் எங்கே என்றார். மனைவியும் போய்விட்டாள், பையன்கள் பெயரை மாற்றிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்கள் என்றேன். சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொரு உண்மைக்கும் அப்பா ஒரு படி மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

"பேர மாத்திக்கினா பேப்பருலாம் புடிக்கிறது கஷ்டமாச்சேடா," என்றார். அந்தக் குரலில் நான் அதுவரை கேட்காத ஒரு நைச்சியம் இருந்தது. "பரவால்ல. நீ அப்டியே விசாரிச்சிக்கினே இரு."

அப்படி இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தபோது யாரோ சைக்கிளை நிறுத்தி, மாப்பிள்ளைக்கு முதல் ஓலை ஆச்சு போல என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அதற்குள் அப்பா வேகமாக முன்னால் நடந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க மழை. ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டே வந்தது. வீட்டில் செத்துப்போன எழுத்தாளருக்கு நாளொரு உறவு வளர்ந்தது. அப்பா வயலுக்குப் போவதை விட்டுவிட்டு உபதேசியாரோடு உட்கார்ந்து சைகோன் சித்தப்பாவின் வயசைக் கணக்குப் போட்டார். அம்மா, பாவம், யாரோ பெற்ற பிள்ளை ஓட்டல் ரூமில் செத்திருக்கிறானே என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். சோற்றைப் போட்டுவிட்டு, கடைசியில் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டாள். இருந்தார்கள், நண்பர்கள் என்றேன். அதுவாவது இருந்ததே என்றாள். ஊர் சிரித்துத் துரத்திய மனிதருக்காக என் அம்மா அடுப்படியில் நின்று பரிந்து பேசுகிறாள். அதற்குக் காரணம் அவரை அவள் தன் கொழுந்தன் முறை என்று நினைத்துக்கொண்டிருப்பது. உண்மை தெரிந்தால் இதே வாய் என்ன சொல்லும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

இரண்டாம் ஓலையும் ஆயிற்று. அன்று மாலையே கிறிஸ்டினாவின் அப்பா ஃபோன் செய்தார். பேச்சில் முன்பு இல்லாத தேன் சொட்டியது. பிரான்சில் நமக்குச் சொந்தம் இருக்கிறதாமே, சொல்லவே இல்லையே சம்பந்தி என்று உரிமையாகக் கோபித்துக்கொண்டார். அப்பா மறுக்கவில்லை. இருக்குது இல்லன்னு சொல்ல முடியாது என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு சிரிப்புச் சிரித்தார். கல்யாணத்தை நிறுத்த ஒரு சாக்குக் கிடைக்காதா என்று ஒரு வருடமாக ராப்பகலாக வேண்டிக்கொண்டிருந்தவன் நான். என் கையாலேயே அதற்கு இரட்டைப் பூட்டுப் போட்டிருந்தேன்.

அன்புராஜைக் கூப்பிட்டேன். சுத்துக்கேணிக்காரன், என்னோடு ஒரே கம்பெனி கேப் வண்டியில் வந்து போனவன். இரண்டு வருடம் அவன் தோளில் சாய்ந்தபடிதான் நான் தினமும் வீடு வந்து சேர்ந்தேன். டிரைவருக்கு அது தூக்கம், எங்களுக்கு அது வேறு. போன கோடையில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஒரு முழ உயரத்துக்குச் சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். இப்போது அவன் மாடிக்குப் போய்த்தான் என்னிடம் பேசுவான். கட்டிக்கோடா, கொஞ்ச நாளில் பழகிவிடும் என்றான். உனக்குப் பழகிவிட்டதா என்று கேட்டேன். சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவன் மனைவியை ஒரு காதுகுத்தில் பார்த்திருக்கிறேன். நல்ல பெண். என்னைத் தனியாக ஓரமாக நிறுத்தி, அவர் எப்போதுமே இப்படித்தானா, யாரோடும் பேசவே மாட்டாரா என்று கேட்டாள். கேபில் விடாமல் பேசிக்கொண்டு வந்த அன்புராஜை நினைத்துக்கொண்டு, ஆமாம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றேன்.

வியாழக்கிழமை கிறிஸ்டினாவிடமிருந்து ஒரு வரி வந்தது. வில்லியனூரில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள பேக்கரிக்கு வர முடியுமா என்று. நிச்சயத்துக்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் சாப்பிட்டீர்களா, மழையா என்ற அளவுதான். அவள் முன்பே வந்து உள்மேசையில் உட்கார்ந்திருந்தாள். வேலை உடுப்பை மாற்றாமல் வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. டீயும் பன்னும் வைத்துவிட்டுக் கடைப் பையன் போன பிறகுதான் பேச்சைத் தொடங்கினாள்.

பிரான்ஸ் சொந்தம் என்று அவள் அப்பா சொன்னதும், பாரீஸில் யாராவது இருந்தால் கல்யாணத்துக்கு ஒரு தகவல் சொல்லலாமே என்று அவர் விசாரித்துவந்த பெயரைப் போட்டு அவளே தேடியிருக்கிறாள். முதல் பக்கத்திலேயே எல்லாம் வந்துவிட்டது. படமும் வந்தது.

"அவரு உங்க சொந்தமா?" என்றாள்.

"இல்ல."

"பின்ன எதுக்கு பூசை?"

நான் டீக் கிளாசைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "வேலைல அவரப் பத்தி வந்துச்சு. படிச்சேன். பாவமா இருந்துது."

அவள் தலையை ஆட்டினாள். எதையோ ஒப்புக்கொண்டது மாதிரி இருந்தது. நான் இப்போது கேட்பாள், நீயும் அப்படியா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே உருப்போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அவருக்கு ஒரு பொண்டாட்டி இருந்தாங்களே. அவங்களுக்குப் பூசை குடுத்தீங்களா?"

அந்தப் பெண்மணியைப் பற்றி நான் படிக்காமல் இல்லை. அவளைப் பற்றிய அத்தியாயத்துக்கு நான்தான் அடிக்குறிப்பெல்லாம் சரிபார்த்தேன். கணவன் சிறைக்குப் போனதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நாட்டை விட்டே போனாள். ஓர் ஓட்டலில் தங்க இடம் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன பிறகு தன் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் மாற்றிக்கொண்டாள். அவருக்கும் முன்னாலேயே, இத்தாலியில், ஓர் ஆபரேஷனுக்குப் பிறகு செத்துப்போனாள். நாற்பது வயது ஆகியிருந்தது. ஒரு பிழைகூட விடாமல் அந்த அத்தியாயத்தைப் பார்த்து அனுப்பியிருந்தேன். மூக்கு அடைக்கவில்லை.

"குடுக்கல," என்றேன்.

"தெரியும்," என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை, கோபம். அதற்குப் பிறகு அவள்தான் பேசினாள், மேசையைப் பார்த்துக்கொண்டே. முன்னால் வந்த ஒரு வரன் ஒரு தடவை நின்றுபோனதைச் சொன்னாள். இப்போது அவள் வேண்டாம் என்று சொன்னால் பெண்ணிடம்தான் ஏதோ குறை என்று ஊர் பேசும் என்றாள். ஏன் வேண்டாம் என்று கேட்டால் அவள் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் நான் என்ன ஆவேன் என்பதையும் யோசித்துப் பார்த்ததாகச் சொன்னாள். நாலு நாளாக வேலையில் ஒழுங்காக ஓர் ஆளுக்கும் ஸ்கேன் எடுக்க முடியவில்லை என்றாள். எனக்காக அவள் யோசித்திருக்கிறாள். எனக்கு அவளைப் பற்றி ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அவள் எனக்கு ஒரு பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு ஒரு முகம் உண்டு என்பதே அந்த மேசையில்தான் தெரிந்தது.

எழுந்திருக்கும்போது சொன்னாள். "ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. நான் வாயத் தொறந்தா நான் கெட்டவ. நீங்க தொறந்தா உங்களுக்குக் கஷ்டம், தெரியுது. ஆனா தொறக்க வேண்டியது நீங்கதான்."

குடையை மறந்துவிட்டுப் போய் மறுபடி வந்து எடுத்துக்கொண்டு போனாள். பன்னை இருவருமே தொடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் வீட்டுக்குப் போனேன். ஃபாதர் இன்னாசிமுத்து வராந்தாவில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்குக் கோபக்காரர் என்று பெயர். வாளியைச் சரியான இடத்தில் வைக்காதவர்களுக்கு அன்றும் திட்டு விழுந்துகொண்டிருந்தது. ஓலைக்கு ஒரு தடை இருக்கிறது என்றேன். யாருக்குத் தெரியும் என்றார். எனக்கு என்றேன். உட்காரச் சொன்னார். ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா, ரத்த உறவா, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கட்டாயத்துக்கு மட்டும் இல்லை என்று சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. யார் என்னைக் கட்டாயப்படுத்தியது? அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதுதான் கட்டாயம். அது எந்தச் சட்டத்தில் வரும்?

"எனக்குப் பொண்ணுங்க மேல மனசு போவாது ஃபாதர். எப்பவுமே போனதில்ல."

முதன்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னது ஒழுகும் ஓட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்கும் முன்னால். இடி எதுவும் விழவில்லை. ஃபாதர் நிரம்பிய வாளியை வெளியே கொட்டிவிட்டு வந்து அதே இடத்தில் வைத்தார். திட்டுவார் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்தப் பேரப் படிக்கும்போதே எனக்குத் தெரியும், அது யாருன்னு," என்றார்.

"தெரிஞ்சும் ஏன் ஃபாதர் படிச்சீங்க?"

"ஞானஸ்நானம் வாங்கனவன். செத்தவன். படிக்காம இன்னா பண்ணச் சொல்ற?"

அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் நடைமுறைப் பேச்சுதான். திருச்சபை என்ன சொல்கிறது என்பது உனக்கே தெரியும், அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை என்றார். அவர் முகத்தில் இளக்கமும் இல்லை, வெறுப்பும் இல்லை, களைப்புதான் இருந்தது. ஓலையை வாசிக்க மாட்டேன், பாகூர்ச் சாமியாருக்கும் ஃபோன் செய்துவிடுகிறேன், காரணம் கேட்டால் மாப்பிள்ளை பக்கத்துத் தடை என்று மட்டும் சொல்கிறேன், பெண் பெயர் எங்கேயும் வராது என்றார். உன் அப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன், அது உன் வேலை, நாளைப் பூசைக்கு முன்னால் சொல்லிவிடு என்றும் சொன்னார். நான் எழுந்து நின்று, இன்னொரு பெயருக்கும் பூசை வேண்டும் என்று கேட்டேன். அந்த அம்மாளின் பெயரைச் சொன்னேன். மாற்றிக்கொண்ட பெயரையா, பழைய பெயரையா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் படிக்கச் சொன்னேன். ஞாயிறு நிறைந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை விடிகாலைப் பூசையில் படிக்கிறேன் என்றார். செவ்வாய்க்கிழமை கோயிலில் ஆளே இருக்காது.

வீட்டுக்கு வந்தால் அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். மறுநாள் மூன்றாம் ஓலை, உபதேசியார் வேறு வெளியூர்க்காரர் ஒருவரைக் கூட்டிவருகிறார், பிரான்ஸ் பேப்பர் விஷயமெல்லாம் தெரிந்தவராம். நான் பக்கத்தில் போய் நின்றேன். அப்பா என்றேன். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்து, இந்தப் பக்கம் நுரை போய்விட்டதா பார் என்றார். பார்த்துத் துடைத்துவிட்டேன். கன்னத்தில் கை பட்டதும் அவருக்கே ஏதோ தோன்றியது போல, "ஒனக்கு ஒரு நல்லது நடந்துட்டா போதும்டா," என்றார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தேன். காலையில் அவர் எனக்கு முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டிருந்தார்.

கோயில் நிரம்பிவிட்டது. அப்பா இரண்டாவது வரிசையில், புதுச் சட்டையில், உபதேசியார் கூட்டிவந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஓர் இடம் பிடித்து அதன்மேல் கைக்குட்டையைப் போட்டுவைத்திருந்தது பின்னாலிருந்தே தெரிந்தது. நான் அங்கே போகவில்லை. தாமதமாக வருகிறவர்கள் நிற்கும் இடத்தில், கடைசித் தூணுக்குப் பின்னால், ஈரக் குடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டேன். பூசையில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. பீடத்துக்குப் போய் நன்மை அப்பம் வாங்கவும் இல்லை. அப்பா போய்விட்டு வந்து, கண்ணை மூடி மண்டியிட்டு, நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. எனக்காகத்தான் வேண்டுகிறார் என்று தெரிந்தது. ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடினால் கேள்வி அடுத்து கிறிஸ்டினா வீட்டுக்குத்தான் போகும் என்பதும் தெரிந்திருந்தது.

ஃபாதர் அறிவிப்புகளுக்கு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட வேண்டும், வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்றார். ஆற்றில் தண்ணீர் ஏறுவதால் கரையில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடலாம் என்றார். மறைக்கல்வி வகுப்பு அடுத்த வாரம் என்றார். எப்போதும் ஓலை வாசிப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுப்பார். எடுக்கவில்லை. எழுந்து நிற்போம் என்றார்.

எல்லாரும் எழுந்தார்கள். அப்பா எழவில்லை. பிறகு மெதுவாக எழுந்தார். பக்கத்து ஆள் அவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். அப்பா தலையை அசைத்தார், தெரியவில்லை என்பது போல. அவருடைய சட்டைப் பையில் ஃபோன் ஒளிர்ந்தது. பாகூரிலும் பூசை முடிந்திருக்கும். அவர் அதை எடுக்கவில்லை. கைக்குட்டை போட்டுவைத்த இடத்தைப் பார்த்தார். பிறகு திரும்பினார். பீடத்துக்கு முதுகு காட்டி நின்று, இறுதி ஆசீர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு வரிசையாக, ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தார். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவரின் பார்வை அது. பெண்கள் பக்கம் அம்மாவும் திரும்பிவிட்டாள்.

நான் தூணை விட்டு விலகி, நடுவழியில், அவருக்குத் தெரிகிற மாதிரி வந்து நின்றேன்.